மனநல மருத்துவர்களையும் போதைநோய்ச் சிகிச்சை நிபுணர்களையும் கூடுதலாகப் பயிற்றுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆலோசகர்,
போதை மீட்பு மையம்.

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்.

பொருள்: மனநல மருத்துவம், போதைநோய்ச் சிகிச்சை ஆகியவற்றில் முதுநிலைப் பயிற்சி இடங்களையும், அவற்றுக்கான ஆசிரியர் பணியிடங்களையும் அதிகரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குடிநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவர் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பவள் என்ற முறையில் இந்த மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

பல வருடம் குடித்த ஒருவர் இனித் தொடமாட்டேன் என்று சொல்லி ஒரே நாளில் நிறுத்துகிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. முதல் நாள் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் வருவதில்லை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு, நான்காம் நாளுக்குள், சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்பார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து வீட்டார் அவரைக் கட்டிப்போடுவதும் நடக்கிறது. இது டெலிரியம் ட்ரெமென்ஸ், குடியைத் திடீரென நிறுத்துவதால் வரும் கடுமையான மனக்குழப்ப நிலை. பழகிய மருத்துவருக்கு இதைச் சமாளிக்கத் தெரியும்: நரம்புகளை அமைதிப்படுத்தும் டயசிபாம் அல்லது லோராசிபாம் தகுந்த அளவில், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் (வைட்டமின் பி1), இடைவிடாத கண்காணிப்பு. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

இதைத் தாண்டி வந்தவருக்குத்தான் உண்மையான சிகிச்சை தொடங்க வேண்டும். மறுபடி குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றை எழுதித் தரப் பழகிய மருத்துவர் எத்தனை பேர்? பரிந்துரைக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “டாக்டரை எப்போது பார்க்கலாம்?” என்று கேட்பவரிடம் எங்களால் ஒரு தேதி சொல்ல முடிவதில்லை. ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைக்கு ஆளானவர் விஷயத்தில் இந்தக் காத்திருப்பு இன்னும் கொடியது. சில வாரம் நிறுத்தியதும் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்.

உலக அளவில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 13 மனநலப் பணியாளர்களே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரையும் சேர்த்த எண்ணிக்கை இது. வருமானம் குறைந்த நாடுகளில் இது 2 பேருக்கும் கீழே.

இடங்களைக் கூட்டினால் போதும் என்று சொல்லப்படுவதை நான் முழுவதும் ஏற்கவில்லை. கற்றுக்கொடுக்கப் பேராசிரியர் இல்லாத துறையில் இடத்தைக் கூட்டினால் அது காகிதத்தில்தான் இருக்கும். படித்து முடித்தவருக்கு அரசுப் பணியிடம் இல்லையென்றால் அவர் வேறெங்காவது போய்விடுவார். பயிற்சி இடம், ஆசிரியர், பணியிடம் மூன்றும் ஒரே ஆணையில் வர வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 200 புதிய பயிற்சி இடங்களுக்கு அரசு நிதி தர வகைசெய்து, அவற்றில் குறைந்தது 100 இடங்களை மனநல மருத்துவத்துக்கும் அதன் உட்பிரிவுகளுக்கும் ஒதுக்கியது. ஒதுக்கீட்டைச் சட்டத்திலேயே எழுதிவைத்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. பொதுவாக விட்டிருந்தால் வேறு துறைகள் எடுத்துக்கொண்டிருக்கும்.

போதைநோய் மருத்துவத்தைத் தனி உட்பிரிவாக அங்கீகரிப்பதும் அவசியம். அமெரிக்காவில் 2016இல்தான் அது மருத்துவ வாரியங்களின் அங்கீகாரம் பெற்றது. அதனால் மனநல மருத்துவர் மட்டுமல்லாமல், பொது மருத்துவம், குடும்ப மருத்துவம் படித்தவர்களும் கூடுதல் பயிற்சி பெற்று நிபுணராக முடிகிறது. நம்முடைய பயிற்சித் திட்டத்திலும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். மனநல மருத்துவம் பயிலும் ஒவ்வொருவரும் போதை மீட்புப் பிரிவில் சில மாதங்களாவது கட்டாயம் பணியாற்ற வேண்டும். நோயாளியை முதல் நாளிலும் ஆறாவது மாதத்திலும் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்; உள்நோயாளிப் படுக்கையை மட்டும் பார்த்தவருக்கு இந்த நோயின் போக்கு தெரியாது.

அமெரிக்காவில் மனநல மருத்துவப் பயிற்சி நான்கு ஆண்டு, போதைநோய் உட்பிரிவு மேலும் ஓர் ஆண்டு. இன்று இடம் கூட்டினாலும் பலன் வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நோயாளிகள் காத்திருக்க முடியாது. பிரான்ஸ் 1995இல் எல்லா மருத்துவர்களும் ஓபியாய்டு போதைக்கான புப்ரெனார்பின் மருந்தை எழுதித் தரலாம் என்று அனுமதித்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில் அங்கே அளவு மீறிய போதையால் ஏற்பட்ட இறப்புகள் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தன. ஆகவே ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்குக் குறுகியகாலப் பயிற்சியும், சந்தேகம் வந்தால் அன்றே நிபுணரிடம் கேட்கும் வசதியும் தர வேண்டுகிறேன். நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகம் 2003இல் ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோயின் சிகிச்சைக்காகத் தொடங்கிய எக்கோ திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. தொலைவிலுள்ள மருத்துவர்கள் காணொளியில் நிபுணர்களோடு தங்கள் நோயாளிகளைப் பற்றி விவாதிக்கிறார்கள். அடுத்த நோயாளியை அவர்களே பார்க்கப் பழகிவிடுகிறார்கள்.

எங்களைப் போன்ற ஆலோசகர்களையும் செவிலியர்களையும் இந்தப் பயிற்சிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையை நோயாளி விழுங்குகிறாரா, குடும்பம் அவரை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்துச் சொல்ல எங்களால் முடியும்.

தாங்கள் இம்மனுவைப் பரிசீலித்து, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே உரிய நிதி ஒதுக்கப்பட ஆவன செய்யுமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆலோசகர்,
போதை மீட்பு மையம்.