பஸ்கா: கடந்து போனாரா, காத்து நின்றாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகையான பஸ்காவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார்; அதில் சந்தேகமில்லை. ஆனால் பஸ்காவின் எபிரெயப் பெயரான 'பெசாக்' என்றால் கடந்து போதல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அங்கேதான் இடிக்கிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தின் 12, 13 வசனங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முதல் வசனத்தில் கர்த்தர் எகிப்து எங்கும் 'கடந்துபோய்' முதற்பேறானவர்களை அதம்பண்ணுகிறார். அடுத்ததில், இஸ்ரவேலர் வாசலில் பூசிய ஆட்டின் இரத்தத்தைக் கண்டு உங்களைக் 'கடந்துபோவேன்' என்கிறார். அழிக்கப் போவதற்கும் அழிக்காமல் விடுவதற்கும் தமிழில் ஒரே சொல். எபிரெயத்தில் இவை வேறு வேறு வினைகள்: முன்னது 'ஆவர்', பின்னது 'பெசாக்' என்ற பெயரோடு சேர்ந்த 'பாசாக்'.

இந்தப் 'பாசாக்' வேதாகமத்தில் அபூர்வமாகவே வருகிறது. மேவிபோசேத் விழுந்து முடவனானதைச் சொல்லும் 2 சாமுவேல் 4:4இல் இருக்கிறது. கர்மேல் மலையில் எலியா ஜனங்களைப் பார்த்து, எந்தமட்டும் 'குந்திக்குந்தி நடப்பீர்கள்' என்று கேட்கிறாரே, அங்கும் இதே எழுத்துகள்தான். நொண்டுதல், தாவுதல், அதிலிருந்து தாண்டிப் போதல் என்று பொருள் வளர்ந்ததாகச் சொல்பவர்கள் இந்த இடங்களைக் காட்டுவார்கள். அப்படியானால் ஏசாயா 31:5ஐ என்ன செய்வது? 'பறந்து காக்கிற பட்சிகளைப்போல' கர்த்தர் எருசலேமைக் காப்பார் என்ற வசனத்திலும் 'பாசாக்' வருகிறது. குஞ்சைக் காக்கும் பறவை கூட்டைத் தாண்டிப் போய்விடாது, அதன் மேலேயே சுற்றும்.

யாத்திராகமம் 12:23 இன்னும் தெளிவு. கர்த்தர் வாசலில் 'பாசாக்' செய்து, சங்காரக்காரனை உள்ளே வரவிடாமல் தடுக்கிறார். தாண்டிப் போய்விட்டவர் எப்படித் தடுப்பார்? வாசலில் நின்றால்தானே முடியும்!

பழங்கால மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதில் ஒரே முடிவு இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் (அதுவும் எகிப்திலேயே, அலெக்சாந்திரியாவில்!) 13, 27 வசனங்களில் 'மூடிக் காத்தல்' என்றும் 23இல் 'கடந்து போதல்' என்றும் எழுதினார்கள். ஓங்கெலோசின் தர்கூம் என்ற யூதர்களின் அரமேய மொழிபெயர்ப்பு 'இரங்குதல்' என்கிறது. லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் 'கடந்து போதல்' பக்கம் சாய்ந்தார். 1530இல் ஐந்தாகமத்தை ஆங்கிலத்தில் அச்சிட்ட டிண்டேல் 'பாஸோவர்' (கடந்து போதல்) என்று சொல்லையே கட்டிவிட்டார். கட்டுரையாளர் எபிரெயத்தை அல்ல, டிண்டேலைத்தான் விளக்கியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

இரத்தம் வைத்த கிண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 22ஆம் வசனத்தில் உள்ள 'சாஃப்' என்ற சொல்லுக்குக் கிண்ணி என்றும் வாசற்படி என்றும் இரு பொருள் உண்டு. கிரேக்கத்தில் வாசல் என்றே எடுத்தார்கள். மேலே, இருபுறம், கீழே படி என்று கணக்குப்போட்டுச் சிலுவை வடிவம் காட்டும் பிரசங்கங்களுக்கு இதுதான் மூலதனம். ஆனால் பூசச் சொன்ன இடங்கள் நிலையின் மேற்சட்டமும் இரண்டு நிலைக்கால்களும் மட்டுமே.

தமிழ் ஜெயித்த இடமும் ஒன்று உண்டு. பஸ்காவுக்கு அடிக்கும் ஆட்டைக் குறிக்கும் 'சே' என்ற எபிரெயச் சொல் செம்மறி, வெள்ளாடு இரண்டுக்கும் பொது. 5ஆம் வசனமே அதைச் சொல்கிறது. நம் 'ஆட்டுக்குட்டி'யும் அப்படித்தான். செம்மறிக்குட்டியை மட்டும் குறிக்கும் ஆங்கிலத்து 'லேம்'மில் வெள்ளாடு காணாமற்போய்விடுகிறது.

கடைசியாகக் கட்டுரையோடு வந்த அந்தப் படம். எகிப்தில் முதல் பஸ்கா என்று கீழே எழுதிவிட்டு, மேசைமேல் நான்கு திராட்சரசக் கிண்ணங்களையும் அவித்த முட்டையையும் வைத்திருக்கிறீர்கள். யாத்திராகமம் சொல்வது நெருப்பில் சுட்ட இறைச்சி, புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை, அவ்வளவே. நான்கு கிண்ணங்கள் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத விதித் தொகுப்பில்தான் விதியாக வருகின்றன. அரையில் கச்சை கட்டி, காலில் பாதரட்சையும் கையில் தடியுமாக அவசரமாகச் சாப்பிட்டவர்களை நாற்காலியில் உட்கார வைத்தது யார்?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.