மண்விரியன் கடிக்கான மருந்தைப் பக்கத்து மருத்துவமனையிலேயே வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பால்மர (ரப்பர்) தோட்டக் குடும்பங்கள்,
பீடோங், கெடா, மலேசியா.

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலாய்க்காரர்கள் 'உலார் காப்பாக் போடோ' என்றும், எங்கள் லயக் குடியிருப்பில் மண்விரியன் என்றும் சொல்லும் பாம்பைப் பற்றி எழுதுகிறோம். வடக்கே பெர்லிஸ், கெடா பால்மரக் காடுகள் அதன் இருப்பிடம். காய்ந்த சருகு நிறத்தில் சருகுக்குள்ளேயே கிடக்கும். ஆள் வந்தாலும் நகராது.

சென்ற ஆண்டு என் அம்மா விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனார். பால் வடியும் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தவருக்குப் பாதத்தில் கடி. அண்ணன் டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது, கடித்த பாம்பு அதே மரத்தடியில் அசையாமல் கிடந்தது. கைலியைக் கிழித்து யாரோ காலை இறுக்கிக் கட்டினார்கள். கட்டக்கூடாது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. முதலில் போன இடத்தில் மருந்து இல்லை. வேறு மருத்துவமனைக்கு ஏற்றிப் போகும் வழியில், வாயைத் துடைத்த துண்டெல்லாம் ஈறிலிருந்து வந்த ரத்தம். உயிர் பிழைத்தார். இரண்டு கால் விரல்கள் போய்விட்டன.

இந்தியாவிலிருந்து மருந்து வரவழைக்கலாமே என்று உறவினர் கேட்டார்கள். இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், வறண்ட நிலத்துச் சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் செய்தது. நம் பாம்புக்கு உரிய மருந்து பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிப்பது. விரியன் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது, ஐயா. 1960-களிலேயே பினாங்கில் டாக்டர் அலிஸ்டர் ரீட் இந்தக் கடியை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இத்தனை காலம் கழித்தும் மருந்துக்காக நாங்கள் ஊர் ஊராக அலைவது நியாயமா?

ஆகவே, தோட்டங்களுக்கு மிக அருகிலுள்ள மருத்துவமனையில் அந்த மருந்தை எப்போதும் இருப்பில் வைக்க வேண்டுகிறோம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சின்ன கிளினிக்கிலும் செய்யலாம். அதற்கும் ஏற்பாடு வேண்டும். பூட்ஸ் போடுவது, கட்டாமல் கீறாமல் காலை அசைக்காமல் தூக்கிப் போவது பற்றித் தமிழிலும் மலாயிலும் தோட்டத்துக்கே வந்து ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். இந்தோனேசியத் தொழிலாளர்களையும் நாங்களே அழைத்து வருகிறோம். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் போதும், மாரியம்மன் கோயில் மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டக் குடும்பங்களின் சார்பில்,
பால்வெட்டுத் தொழிலாளியின் மகள்