வில்லைப் பற்றி நீ கேட்டது

ஜம்ஷெட்பூர்
மே மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் ஆபரேஷனுக்கு ஒருவழியாக நீ சம்மதித்துவிட்டாய் என்று படித்ததும் கமலா பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். தங்கச்சியிடம் சொல், ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் உன்னை மாடிப்படி ஏற விடக் கூடாது. இங்கே வெயில் 42 டிகிரி. காலை எட்டு மணிக்கு மேல் பால்கனியில் நிற்க முடியவில்லை. கமலாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். முப்பத்தைந்து வருஷம் கம்பெனி இரைச்சலில் நின்றவனுக்கு இந்த அளவோடு போனதே பெரிது.

விஸ்கான்சினில் உன் மகனுடைய பக்கத்து வீட்டுக்காரர் வில்லால் மான் வேட்டையாடுகிறார் என்று எழுதியிருந்தாய். "துப்பாக்கி என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும், அம்பு என்றால் அது துடித்துத்தானே சாகும், இதை எப்படி ஒரு அரசாங்கம் அனுமதிக்கிறது? நீ வில்லும் அம்புமாக இருக்கிற ஊரில் இருக்கிறாய், நீயே சொல்" என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்த அன்றே எங்கள் குடியிருப்பிலும் வில்லைப் பற்றிப் பெரிய சண்டை. அதனால்தான் பதில் எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். மனசில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

சண்டை எங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்கியது. என்னோடு ஒரே ஷிப்டில் இருபது வருஷம் வேலை பார்த்த முர்மு தாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். சந்தாலி ஆதிவாசி. 'தா' என்றால் இங்கே அண்ணன். நான் ரிடயர் ஆனபோது ஒரு வில்லும் மூன்று அம்பும் கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை வருஷம் ஹால் சுவரில் தொங்கியது. போன வாரம் பேரன் அதை எடுத்துக்கொண்டு கீழே விளையாடப் போய்விட்டான். அம்பு எதையும் எடுத்துப் போகவில்லை, வெறும் வில்தான். அதற்கே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்தி. "மாரகாயுதம்" என்றார் ஒருவர். "இது பாரம்பரியம், தேர்தல் சின்னமே இதுதான்" என்றார் இன்னொருவர். ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சியின் சின்னம் வில்-அம்பு, உனக்குத் தெரிந்திருக்கும். தேர்தல் வந்தால் இந்த ஊரில் தீர்-தனுஷ் (அந்த வில்-அம்புச் சின்னம்) இல்லாத சுவரே இருக்காது. மூன்றாவது ஆள் நார்வேயை இழுத்தார். 2021 அக்டோபரில் கோங்ஸ்பெர்க் என்ற ஊரில் ஒருவன் வில்லோடு கிளம்பி ஐந்து பேரைக் கொன்றானே, அந்தச் சம்பவம். அதில் செத்துப்போன ஐந்து பேரும் அம்பால் சாகவில்லை, கத்திக்குத்தில் செத்தார்கள் என்று போலீஸே பிறகு சொன்னது. இதை நான் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. வில் என்ற சொல் முதலில் காதில் விழுந்துவிட்டது, அதுவே எல்லோர் மனசிலும் தங்கிவிட்டது.

அன்று ராத்திரி அந்த வில்லைச் சுவரிலிருந்து இறக்கி ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தண்டு மூங்கில். நாணும் மூங்கில்தான் சண்முகம், கயிறு இல்லை! மூங்கிலை மெல்லிய பட்டையாகச் சீவி இரண்டு முனையிலும் கட்டியிருக்கிறார்கள். விரலால் தட்டினால் கயிறுபோல் ரீங்கரிக்காது, 'டொக்' என்று ஒரு கட்டைச் சத்தம். மூன்று அம்பில் ஒன்றுக்கு இலை வடிவத்தில் இரும்பு முனை, கொல்லன் அடித்த சுத்தியல் தடம் அதில் இன்னும் தெரிகிறது. இன்னொன்று சின்ன முனை. மூன்றாவது மொட்டை அம்பு, முனையே கிடையாது, மரக்குமிழ்தான். பறவையைக் கிழிக்காமல் அடித்து விழவைக்க. பிடிக்கிற இடம் எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்து வழவழப்பாக இருக்கிறது. முர்மு தாவுடைய அப்பாவின் கை.

அதைக் கொடுத்தபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. சந்தாலி வீட்டில் குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியை அறுப்பது அம்பு முனையால்தான். "பிறந்தவுடன் எங்களைத் தொடுகிற முதல் இரும்பு இது. இதைப் போய் ஆயுதம் என்று சொன்னால் நான் என்ன செய்வேன்?" என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தேடிப் படித்தேன். 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி, வாள், ஈட்டியோடு வில்லையும் அம்பையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறான். அவனுக்குக் காரணம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 1855 ஜூன் 30-ம் தேதி போக்னாடியில் சித்துவும் கானுவும் கூட்டிய சந்தாலிக் கூட்டம் வெள்ளைக்காரன் ஆட்சிக்கு எதிராக வில்லோடுதான் எழுந்தது. அதன்பிறகு 1900 ஜனவரி 9-ம் தேதி டோம்பாரி மலையில் பிர்சா முண்டாவின் ஆட்கள் வில்லோடு நிற்க, எதிரே துப்பாக்கி. அந்த மலையில் என்ன நடந்தது என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டத்தில் ஆயுதத்துக்கான விளக்கத்தில் வில்லின் பேர் இல்லை. ஆனால் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது திரும்ப வந்துவிட்டது. வலை, விஷம், கண்ணி, வெடி, துப்பாக்கியோடு வில்-அம்பும் அதில் 'ஆயுதம்'. ஒரு சட்டத்துக்கு அது கலகக்காரன் கையில் இருப்பது, இன்னொன்றுக்கு வேட்டைக்காரன் கையில் இருப்பது. முர்மு தா வீட்டுப் பிரசவ அறையில் இருப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

இப்போது வேட்டைக்கு வருகிறேன். இது மே மாதம், சேந்த்ரா என்கிற ஆதிவாசி வேட்டைத் திருவிழா நடக்கிற மாதம். ஊருக்கு வெளியே, சுவர்ணரேகா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தல்மா மலை. 193 சதுர கிலோமீட்டர் சரணாலயம், யானைக்குப் பேர்போனது. வருஷத்தில் ஒருநாள் சுற்றுவட்டாரத்து ஆதிவாசிகள் வில், அம்பு, ஈட்டி, கோடாலியோடு அந்த மலையேறுவார்கள். வனத்துறை எல்லா வழியிலும் செக்போஸ்ட் போடும், துப்பாக்கியும் வலையும் கொண்டுவராதீர்கள், அடையாளத்துக்கு மட்டும் வேட்டையாடுங்கள் என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லும். புருஷன் மலைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் மனைவி குங்குமம் வைக்கமாட்டாள். போனவன் திரும்பி வராமலும் போகலாம் என்று ஒத்துக்கொண்டு அனுப்பிவைக்கிற வேட்டை அது.

ரிடயர் ஆவதற்கு முந்தைய வருஷம் முர்மு தாவோடு அடிவாரம் வரை நானும் போனேன். ராத்திரி முழுக்கப் பாட்டு, நெருப்பு, மஹுவா (இலுப்பைப்பூ) வாசனை. விடியலில் அவர்கள் ஏறினார்கள், நான் கீழேயே இருந்துவிட்டேன். சாயங்காலம் இறங்கி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒன்றுமில்லை. முர்மு தாவின் அம்பு ஒன்று பாறையில் பட்டு முனை வளைந்திருந்தது, அவ்வளவுதான். இருபது முப்பது அடிக்குள் போனால்தான் அந்த மூங்கில் வில்லால் ஏதாவது ஆகும். அந்தத் தூரத்துக்குள் ஒரு காட்டுப்பன்றி உன்னை வர விடாது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அன்றைக்கே ஒரு கும்பல் இரண்டு கேளையாட்டை (பேர்தான் ஆடு, சின்ன மான் வகை) தூக்கி வந்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டின் உடம்பிலும் அம்புக் காயம் இல்லை. ஒன்றின் முன்னங்காலில் கம்பி இறுக்கி எலும்பு வரை அறுத்திருந்தது. பைக் க்ளட்ச் வயர். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே யாரோ வைத்துவிட்டுப் போன சுருக்கு. அந்த ஆடு அதில் எத்தனை நேரம் இழுத்துக்கொண்டு கிடந்ததோ. கண் திறந்தே இருந்தது. முர்மு தா அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சேந்த்ரா இல்லை" என்று மட்டும் சொன்னார். வீடு வருகிற வரை அவர் வேறெதுவும் பேசவில்லை.

அன்றிலிருந்து வில்லைப் பற்றிய எந்தச் சண்டையிலும் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வருகிறது. 'எய்தவனிருக்க அம்பை நோவானேன்' என்று நீ உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அம்புக்கு அது சரி. எய்தவன் அங்கே நிற்கிறான், அவன் முகம் தெரியும், குறி தப்பினால் அவமானம் அவனுக்கு. சுருக்குக்கு எய்தவன் எங்கே? வைத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்குகிறான். வில்லைக் காட்டிப் பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கம்பியைப் பற்றி வாய் திறப்பதில்லை. வில்லைக் காட்டிக் காட்டுமிராண்டித்தனம் என்று பேசுகிறவர்களும் திறப்பதில்லை. எனக்கு வயிறெரிகிறது சண்முகம்.

வில்லும் ஈட்டியும் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. 2018 ஏப்ரலில் வங்காளத்து லால்கர் பக்கத்தில், வேட்டைத் திருவிழா நேரத்தில், ஒரு புலியைக் கொன்றுபோட்டார்கள். அந்தக் காடுகளில் பல வருஷமாகப் புலியே கிடையாது, எங்கிருந்தோ வழிதப்பி வந்தது. கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்தத் திருவிழாக்களில் விலங்குகளைக் கொல்வதைத் தடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. சரியான உத்தரவு. நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த காடு இல்லை இது. தல்மாவில் இனி ஒரு கேளையாடுகூடச் சாகக் கூடாது என்பதுதான் என் கட்சி. இதை முர்மு தாவிடமே சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அதற்காகச் செக்போஸ்டில் ஒரு கிழவன் கையிலிருந்து வில்லைப் பிடுங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. வேட்டைக்குப் போன ராத்திரி சந்தாலிகள் கூடுகிற சபைக்கு 'லோ பீர்' என்று பேர். அதுதான் அவர்களுக்கு உச்சநீதிமன்றம். ஊர்த் தலைவன்மேலேயே அங்கே எவனும் வழக்குச் சொல்லலாம். சுருக்கு வைத்தவனை அந்தச் சபை நிற்கவைத்துக் கேட்கட்டும். நான் பார்த்தவரை இந்த மலையில் ரேஞ்சர் பேச்சைவிட அந்தச் சபையின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். மிருகத்தை விட்டுவிட்டுப் பாட்டும் மலையேற்றமும் சபையும் மட்டும் மிஞ்சினால் போதாதா என்று நான் கேட்டதற்கு, முர்மு தாவின் மகன் "போதும் காக்கா" (சித்தப்பா) என்றான். அப்பா முறைத்தார். அந்தப் பையனிடம்தான் என் நம்பிக்கை இருக்கிறது.

உன் விஸ்கான்சின்காரருக்கு வருகிறேன். அந்த மாநிலத்தில் 1934-லேயே வில்லுக்கென்று தனியாக மான் சீசன் வைத்துவிட்டார்கள். அவர் கையிலிருப்பது மூங்கில் இல்லை, இரண்டு முனையிலும் உருளை வைத்த காம்பவுண்ட் வில். முழுக்க இழுத்த பிறகு கனம் பாதிக்கு மேல் குறைந்துவிடும், நிதானமாகக் குறி பார்க்கலாம். அதுவும் மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, இருபது முப்பது கஜத்துக்குள் மான் வருகிற வரை. முனை பிளேடு மாதிரி இருக்கும். நுரையீரலில் பட்டால் மான் கொஞ்ச தூரம் ஓடி விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் நீ சொன்னதுதான், துடிப்பு. அதனால்தான் எய்தவுடன் துரத்தாமல் காத்திருந்து, ரத்தத் தடம் பார்த்துத் தேடிப் போவார்கள். பிரிட்டனிலும் நார்வேயிலும் இந்தத் துடிப்பைக் காரணம் காட்டித்தான் வில் வேட்டையே கூடாது என்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆனாலும் உன் மகனிடம் ஒன்று கேட்கச் சொல்: குறி சரியாக இல்லாததால் எத்தனை முறை எய்யாமலே வில்லைத் தாழ்த்தியிருக்கிறார் என்று. அந்த எண்ணிக்கையை அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டால் நல்ல மனுஷன் என்று வைத்துக்கொள்.

பேரன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடுங்கி வைத்தால் அழுவான் என்று டாட்டா ஆர்ச்சரி அகாடமியில் பயிற்சி நடக்கிறதைக் காட்டக் கூட்டிப் போனேன். ஒலிம்பிக் வில்வீராங்கனை தீபிகா குமாரி பயிற்சி எடுத்த இடம். ராஞ்சி பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் மகள், சின்ன வயசில் கல்லெறிந்து மாங்காய் அடித்தவள். 70 மீட்டர் தள்ளி 122 சென்டிமீட்டர் இலக்கு, நடுவில் மஞ்சள். இங்கிருந்து பார்த்தால் ஒரு பொத்தான் அளவுதான். ஒரு பெண் குழந்தை, பதின்மூன்று பதினான்கு வயசிருக்கும், நாணை மூன்று விரலால் தாடை வரை இழுத்து நிறுத்தினாள். கட்டைவிரல் தொடவே இல்லை. ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்ததிலிருந்து நாங்கள் கட்டைவிரலை நாணில் வைப்பதில்லை என்று இந்தப் பக்கத்து ஆதிவாசிகள் பலர் சொல்வார்கள். ஒலிம்பிக்கிலும் அதே பிடிதான். பேரன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, அவ மூச்சே விடலை" என்றான்.

வில் திரும்பச் சுவரில் ஏறிவிட்டது. இரும்பு முனை அம்பு இரண்டையும் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன், மொட்டை அம்பு மட்டும் வில்லோடு தொங்குகிறது. குழுவில் ஆயுதம் என்று எழுதியவர் நேற்றுக் காபிக்கு வந்திருந்தார். அவர் கையிலேயே கொடுத்தேன். நாணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மூங்கிலா?" என்றார்.

ஆபரேஷன் தேதி குறித்ததும் போன் செய். சரசு தங்கச்சி அனுப்பிய மாவடு தீர்ந்துவிட்டது, கமலா கேட்கச் சொன்னாள்.

என்றும் உன்
ராமசாமி