குதிரைக்கு இடம் பார்க்கிற மகளுக்கு

மக்களே,

அங்கே பிரிட்டனில் காசுக்குக் குதிரை கட்ட இடம் தருகிற லிவரி யார்டு என்று நீ அனுப்பிய மூன்று இடங்களின் படங்களையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த குதிரை, நவராத்திரிப் பரிவேட்டைக்குக் கன்னியாகுமரி அம்மன் மகாதானபுரம் போகிற குதிரை வாகனம் ஒன்றுதான், அதுக்குப் புல்லும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். ஆனாலும் முப்பது வருஷம் பசு வளர்த்தவளிடம் கேட்டுவிட்டாய், சொல்லாமல் இருக்க முடியுமா.

மலிவாக இருக்கிறதே என்று அந்த முதல் இடத்துக்குப் போகாதே. அங்கே இடம் மட்டும்தான் தருவார்கள், லத்தி அள்ளுவது, தீவனம் வைப்பது, மேய விட்டுத் திரும்பக் கட்டுவது எல்லாம் இரண்டு நேரமும் நீயே போய்ச் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் 12 மணி நேர டியூட்டி பார்த்துவிட்டு, டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில், டார்ச் அடித்துக்கொண்டு எத்தனை நாள் போவாய்? எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வது உன் சம்பளத்துக்குத் தாங்காது. பாதி வேலை அவர்கள், பாதி நீ என்கிற பார்ட் லிவரியே போதும். எந்தப் பாதி யாருடையது, ஞாயிற்றுக்கிழமை யார் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது செவலைப் பசுவை ஒன்றரை மாதம் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வீட்டில் காசு கொடுத்து விட்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? விடப்போன அன்று தொழுவத்தில் சாம்பிராணி மட்டும்தான் போடவில்லை, அவ்வளவு சுத்தம். திரும்பக் கூட்டிவரப் போனால் கழுத்தில் கயிறு அறுத்த புண், அதில் ஈ. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டேன், முழங்கை வரை பாசி வழுக்கியது. "நேற்றுதான் கழுவினேன்" என்றார் அந்த வீட்டம்மா. மீதிக் காசைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பசுவை அவிழ்த்துக்கொண்டு நடந்தேன். அதனால் அந்த மணல் போட்ட சவாரி மைதானத்தை எல்லாம் அப்புறம் பார், முதலில் தொட்டிக்குள் கையை விடு.

அடுத்தது வைக்கோல், உங்கள் ஊரில் காய்ந்த புல். ஒரு பிடி உருவி மோந்து பார். கன்னிப்பூ நெல் அறுப்பு மழையில் மாட்டினால் நம் படப்பில் ஒரு புழுங்கல் வாடை வருமே, அது வந்தால் வேண்டாம், பூஞ்சைத் தூசி குதிரையின் மூச்சைக் கெடுக்கும். வயலில் மஞ்சள் பூப் பூத்த ராக்வொர்ட் செடி நிற்கிறதா என்றும் பார். நம் மரச்சீனி இலையை ஆடு தின்ன விடமாட்டோம் அல்லவா, அதுபோல. ராக்வொர்ட் காய்ந்த பிறகும் விஷம்தான், ஆனால் கசப்பு குறைந்துவிடுவதால் புல்லோடு சேர்த்துத் தின்றுவிடுமாம்.

இரண்டாவது இடத்தில் 6 ஏக்கரில் 14 குதிரை என்று எழுதியிருந்தாய். குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வேண்டும் என்று உங்கள் ஊர் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியே சொல்கிறது. இதில் அரை ஏக்கர்கூட வரவில்லை. மழைக்காலத்தில் அது நடவுக்கு உழுதுபோட்ட வயல் மாதிரி கிடக்கும், காலெல்லாம் சேற்றுப்புண் வரும். அந்த இடம் வேண்டாம்.

மிச்சம் மூன்றாவது. அங்கே ராத்திரி யார் இருக்கிறார்கள் என்று கேள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாம், வயிற்றுவலி வந்தால் விடியும் வரை பொறுக்காது. நீ டியூட்டியில் போனை எடுக்காத நேரம் டாக்டரைக் கூப்பிடுவது யார், அதற்கு உன் சம்மதம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறதா என்பதையும் கேள். புதிதாக வருகிற குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுகிறார்களா என்றும் கேள். எடுத்தவுடனே மற்றதுகளோடு விடுவோம் என்றால், கோமாரி வந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவருகிற கதைதான்.

முதல் தடவை சொல்லிவிட்டுப் போ. இரண்டாம் தடவை, ஏதோ கேட்க மறந்துவிட்டேன் என்ற சாக்கில், சாயங்காலம் தீவனம் வைக்கிற நேரத்துக்குப் போ. உள்ளே வருகிற ஆளைக் கண்டதும் குதிரைகள் கழுத்தை நீட்டுகின்றனவா, பின்வாங்குகின்றனவா என்று நின்று பார்.

போனதும் வீடியோ கால் போடு, அந்தத் தொட்டியை எனக்குக் காட்டு.

அம்மா