தாத்தாவின் வள்ளமும் தபார்லியின் படகும்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

தாத்தாவின் வள்ளத்தை விறகுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னார். போனில் கேட்டால் "பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன தெரியும்" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதவும் காரணம் இருக்கிறது. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் என்று இந்தக் கரை நெடுக இதே மாதிரி வள்ளமும், இதே மாதிரி மாமாவும் இன்னும் சிலர் இருப்பார்கள்.

பலகை இற்றுவிட்டது, மேலே ஃபைபர் போட்டால் நிற்கும், ஆனால் அப்புறம் அது அப்பாவின் வள்ளமாக இருக்காது என்றீர்களாம். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு செய்தே வீடு கட்டிய மனிதர் இதைச் சொல்கிறாரே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. இதே கேள்வி 1950களில் எரிக் தபார்லி என்ற பிரெஞ்சுக் கடலோடியின் முன்னால் வந்து நின்றது. அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். பிரெஞ்சு படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இது மாதிரிக் கதைகள்தான்.

அவருடைய படகின் பெயர் பென் துயிக். பந்தயப் பாய்ப்படகு. 1898இல் அயர்லாந்தில், கார்க் நகரத்துக்குப் பக்கத்தில் கட்டினார்கள். வரைந்தவர் வில்லியம் ஃபைஃப். ஸ்காட்லாந்தில் ஃபேர்லி என்ற கடலோரக் கிராமத்தில் தாத்தா, அப்பா, மகன் என மூன்று தலைமுறையாகப் படகு கட்டிய குடும்பம் அது. மூன்று பேருக்கும் பெயர் வில்லியம்தான். இவர் மூன்றாமவர். டீத்தூள் லிப்டன் இருக்கிறாரே, அவர் அமெரிக்கக் கோப்பை என்ற பாய்ப்படகுப் பந்தயக் கோப்பையை வாங்கியே தீருவேன் என்று ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். அதில் 1899, 1903 ஆண்டுகளின் ஷாம்ராக் படகுகளை வரைந்ததும் இதே ஃபைஃப்தான்.

பென் துயிக்கின் உடம்பைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். மொத்த நீளம் 15 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் சும்மா நிற்கும்போது தண்ணீரில் படுவது ஏறக்குறைய 10 மீட்டர்தான். மீதி நீளம் அணியத்திலும் பின்பக்கத்திலும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அகலம் 3 மீட்டர்கூட இல்லை. ஏன் இப்படி? அந்தக் காலத்துப் பந்தய விதியில், படகு அசையாமல் நிற்கும்போது தண்ணீர்க் கோடு எவ்வளவு நீளம் என்பது முக்கியமான கணக்கு. கோடு நீண்டால் படகு வேகமாகப் போகும், அதனால் நீளத்துக்குத் தகுந்தபடி நேரச் சலுகை குறையும். கெட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? நிற்கும்போது கோடு குட்டையாகத் தெரியும். காற்றில் சாய்ந்து ஓடும்போது அந்த நீட்டல்களும் தண்ணீரில் இறங்கி, கோடு தானாக நீளும். நம் ஆட்களுக்கு ஏலத்துக்கு முதலில் கரை சேர்வதுதான் பந்தயம், அங்கே சலுகை கொடுக்க யார் இருந்தார்கள்?

படகு பல கை மாறியது, பெயரும் மாறியது. 1938இல் தபார்லியின் அப்பா வாங்கினார். அடுத்த வருடமே போர் வந்துவிட்டது. மரப்படகு கவனிப்பு இல்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1952இல் அப்பா அதை மகனுக்கே கொடுத்துவிட்டார். பலகை பெரும்பாலும் மக்கிப்போயிருந்தது. மகனோ கடற்படையில் புதிதாகச் சேர்ந்தவர், விமானியாக இந்தோசீனாவுக்குப் போனார். இங்கே பாண்டியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) வீட்டுத் தாத்தாக்கள் சைகோன் கதை பேசுவார்களே, அதே காலம்தான்.

பலகை முழுவதையும் மாற்ற அவரிடம் பணம் இல்லை. 1958இல், பிரிட்டனி கரையில் லா திரினித்தே என்ற ஊரில், கோஸ்தந்தினி குடும்பத்தின் பட்டறையில், இற்றுப்போன அந்த உடம்பையே அச்சாக வைத்தார். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியையும் பாலியஸ்டர் ரெசினையும் அடுக்கடுக்காகப் போட்டுப் புது உடம்பு எடுத்தார். ஃபைபர் படகு இன்னும் புதுமையாக இருந்த காலம். 15 மீட்டர் நீளத்துக்கு அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். மரம் போயிற்று, ஃபைஃப் வரைந்த வளைவு அப்படியே நின்றது.

உங்கள் பட்டறையில் நடப்பதற்கு இது நேர் தலைகீழ் வேலை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அச்சுக்கு உள்ளே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) விரிக்கிறீர்கள், வெளிப்பக்கம் தானாக வழவழப்பாக வந்துவிடும். இங்கே அச்சுக்கு மேலே போடுவதால் வெளிப்பக்கம் கரடுமுரடாகத்தான் வரும். பட்டி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வளைவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதில்தான் முதுகு ஒடியும்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1964இல் தனி ஆளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்தில் தபார்லி 27 நாளில் அமெரிக்கா போய்ச் சேர்ந்து ஜெயித்தார், 1976இல் மறுபடியும் ஜெயித்தார். அதெல்லாம் வேறு படகுகள். ஆனால் எல்லாவற்றுக்கும் பெயர் பென் துயிக்தான், பின்னால் ஓர் எண் மட்டும். பழைய படகை 1980களில் செயின்ட் மாலோவில் இன்னொரு முறை செப்பனிட்டார்கள். இங்கே நாங்கள் தினமும் நடக்கும் லபோர்தொனே வீதிக்குப் பெயர் கொடுத்தவர் பிறந்த ஊர் அது.

1998இல் படகுக்கு நூறு வயது. ஃபைஃப் படகுகள் கூடும் விழாவுக்கு ஸ்காட்லாந்து நோக்கிப் போகும் வழியில், ஜூன் 13 அதிகாலை இருட்டில், வேல்ஸ் கரைக்கு அப்பால், பாய் மாற்றும்போது பருமல் (பாயைத் தாங்கும் கட்டை) இடித்துத் தபார்லி கடலில் விழுந்து இறந்தார். அவ்வளவு பெரிய கடலோடி, லைஃப் ஜாக்கெட்டும் இல்லை, இடுப்பில் கயிறும் இல்லை. (நீங்கள் லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையாக வைத்துத் தூங்குவதை அத்தை சொல்லிவிட்டார்.) படகு இன்றும் ஓடுகிறது. அதை லோரியானில் பார்க்கலாம். பாண்டிச்சேரிக்குக் கப்பல் அனுப்பிய பிரெஞ்சுக் கம்பெனிக்காக 1666இல் உருவான துறைமுகம் அது.

ஃபைபர் உடம்பை வைத்துக்கொண்டு 1898ஆம் வருடப் படகு என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் உண்டு. ஃபைஃப் 1911இல் வரைந்த மாரிகிதா என்ற படகு, பல பத்தாண்டுகள் மிதக்கும் வீடாக இங்கிலாந்தில் ஓர் ஆற்றுச் சேற்றில் கிடந்தது. அதை எடுத்து மரத்தாலேயே புதுப்பித்தார்கள். அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெரிய பணமும் பல வருடப் பொறுமையும் வேண்டும். அதிலும் எத்தனை பலகை பழையது, எத்தனை புதியது என்று கேட்டால் வாதம் முடியாது. என்னைக் கேட்டால், தபார்லி செய்தது சரி. காப்பாற்ற வேண்டியது வளைவு. தாத்தாவே எத்தனை முறை பலகை மாற்றிக் கலப்பத்து (பலகை இடுக்கு அடைப்பு) பார்த்திருப்பார்? அப்போதெல்லாம் அது தாத்தாவின் வள்ளம்தானே?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இற்ற பலகையை உள்ளேயே விட்டு மேலே பாலியஸ்டர் ஒட்டுவது. ஈரத்தில் பலகை ஊதும், வெயிலில் சுருங்கும், ஃபைபர் அதோடு அசையாது. பாலியஸ்டர் மரத்தில் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. சில மழைக்காலத்தில் உரிந்துவரும், நடுவில் தண்ணீர் தேங்கி, மிச்ச மரமும் தெரியாமல் மக்கும். இது நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம். துக்கத்தில் மறந்துவிடுவீர்களோ என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வள்ளத்தை மணலிலிருந்து தூக்கி, ரசமட்டம் வைத்து முட்டுக் கொடுங்கள். இத்தனை காலம் கிடந்ததில் நடு ஏரா (அடிமரம்) தொய்ந்திருக்கும். அதை நிமிர்த்தாமல் அச்சு எடுத்தால் தொய்வையும் சேர்த்து எடுத்ததாகிவிடும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் வங்குகளை (உள்ளே இருக்கும் விலாக்கட்டைகளை) குத்திப் பாருங்கள். பாதிக்கு மேல் நல்லதாக இருந்தால் ஃபைபரே வேண்டாம், பலகை மாற்றுவோம். எப்படியானாலும் அரை மீட்டருக்கு ஓர் இடத்தில் வளைவை பிளைவுட்டில் வரைந்து வெட்டி வைத்துவிடலாம். அது கையில் இருந்தால் வள்ளம் எரிந்தே போனாலும் இன்னொன்று கட்டலாம்.

பிளைவுட்டோடு ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அதுவரை விறகுக்காரரிடம் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்