ஆணை இருந்தது, எச்சரிக்கை எங்கே?

ஆசிரியருக்கு,

கொரோனா தடுப்பூசியை மறுத்ததற்காக அமெரிக்கப் படைகளிலிருந்து நீக்கப்பட்ட 8,000-க்கும் மேற்பட்டோரை மீண்டும் சேர்ப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். வேலை திரும்பக் கிடைப்பது சரி, ஆனால் சண்டை முழுக்க 'போடலாமா, கூடாதா' என்பதிலேயே நின்றுவிட்டது. தடுப்பூசி போட்ட சில நாள்களில் இதயத்தசை அழற்சிக்கு ஆளான 23 ஆண்களைப் பற்றி ராணுவ மருத்துவர்களே 2021 ஜூனில் ஆய்விதழில் எழுதினார்கள். படைத்துறை 28 லட்சம் டோஸ்கள் போட்டிருந்த நிலையில் அது சிறிய எண்ணிக்கைதான். கொரோனா தொற்றிலும் அதே அழற்சி வரும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் பெரும்பாலோர் இரண்டாவது டோஸ் போட்ட இளைஞர்கள் என்பது ஆகஸ்டில் கட்டாய ஆணை வரும் முன்பே தெரிந்திருந்தது.

அங்கே படையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் ஓட்டப் பயிற்சியில் நெஞ்சு வலித்தது. 'தசைப்பிடிப்பு' என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் அவன் அடம்பிடித்த பிறகே இ.சி.ஜி.யும், இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். அப்புறம் நான்கு மாதம் ஓடக்கூடாது என்றார்கள். 2021 செப்டம்பரிலேயே சிங்கப்பூர் அரசு, ஊசிக்குப் பின் இரண்டு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னது. இனி எந்தப் படை தடுப்பூசியைக் கட்டாயமாக்கினாலும், அந்த ஓய்வையும், நெஞ்சுவலி என்று வருபவருக்கு அன்றே இ.சி.ஜி. எடுப்பதையும் அதே ஆணையில் எழுத வேண்டும்.