ஒன்றுமில்லை என்றாவது சொல்லுங்கள்

பேரிடர் எச்சரிக்கை அனுப்பும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

எண்ணூர் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாசற்கதவின் பின்னால் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. ரேஷன் கார்டு, ஆதார், மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, ஒரு துண்டு. 2023 டிசம்பர் 26 இரவுக்குப் பிறகு அது ஆணியை விட்டு இறங்கவேயில்லை.

அன்று சுனாமி நினைவு நாள். பகலில் கடலுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து படுத்தோம். நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்துதான் விழித்தோம். கடலை விட்டு ஓட வேண்டும் என்று 2004 சொல்லிக்கொடுத்திருந்தது. காற்றை விட்டு எந்தப் பக்கம் ஓடுவதென்று யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியதே, சோதனை என்றீர்களே, அந்த இரவில் எங்கள் வீட்டுக் கைப்பேசி வாய் திறக்கவில்லை.

இப்போது ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கக் காற்று திரும்பினாலே தெரு விழித்துக்கொள்கிறது. "உனக்கும் வாடை வருகிறதா?" என்று ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். வருகிறது என்றாலும் பயம். வரவில்லை என்றாலும் பயம், மூக்கு மரத்துப்போய்விட்டதோ என்று. வாட்ஸ்அப்பில் யாரோ பழைய வீடியோவைப் போடுவார்கள். மணி மூன்றாகிவிடும். நாலு மணிக்கு நான் காசிமேட்டில் மீன் எடுக்க நிற்க வேண்டும்.

இது பதற்றம் என்றார் மருத்துவர். 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கொடுத்தார். அழைத்தேன். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார், நல்ல பிள்ளை. ஆனால் இந்த வாடை என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறீர்கள். மூன்றாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்பது எங்கள் கிழவிகளுக்கு அத்துப்படி. எண்ணைக் கேட்டதும் படகை மேலே இழுத்துக் கட்டுவோம், வந்து தூங்குவோம். வாடைக்கு அப்படியொரு கூண்டு இல்லை.

அதைத்தான் கேட்கிறேன். வாடை கிளம்பிய அரை மணிக்குள் என்ன வாயு, எங்கிருந்து, எந்தப் பக்கம் விலகுவது என்று மூன்று வரி அறிவியுங்கள். அமோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே நகர வேண்டுமாம். அதைக்கூட நாங்களே பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஒன்றுமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், சோதித்துப் பார்த்துவிட்டு.

ஒலிபெருக்கிக்குச் செலவு வேண்டாம், கோயிலில் இருக்கிறது. சாவி பூசாரியிடம். எந்த நேரம் அழைத்தாலும் எடுப்பார், அவரும் தூங்குவதில்லை.

இப்படிக்கு,
எண்ணூர்க் குப்பத்து மீன் வியாபாரி ஒருத்தி